பாத்திரம் அறிந்து

பெட்ரோல் பங்கின் கல்லாவுக்குப் பக்கத்தில்
இரண்டு ஜாடிகள்.
வெள்ளரி ஊறுகாய் வந்தவை;
எத்தனை முறை கழுவினாலும்
நோட்டுகளில் வினிகர் வாடை.

ஒன்றில் கோல்ட்டனின் படம்.
ஏழு வயது. ரத்தப் புற்று.
பேஸ்பால் தொப்பி,
முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு.
மற்றதில் மெர்ல்.
அறுபத்து மூன்று. ஈரல்.
அவருக்கும் முன்பற்கள் இல்லை.
அதைப் பார்த்து யாருக்கும் மனம் இளகுவதில்லை.

கேன்சஸ், சலைனா.
எழுபதாம் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வரும்
லாரிக்காரர்கள் நல்லவர்கள்.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
மீதிச் சில்லறையோடு ஒரு கணம் நின்று
படத்தைப் பார்த்துப்
போடுகிறார்கள்.
ஒருவன் கல்யாண மோதிரத்தையே கழற்றிப் போட்டான்;
மறுநாள் அவன் மனைவி வந்து கேட்டபோது
துழாவி எடுத்துக் கொடுத்தேன்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள் எங்கள் பக்கத்தில்.
இங்கே பாத்திரத்திலேயே படம் ஒட்டியிருக்கிறது.
அறிவது சுலபம்.

இரவுப் பணி முடிவில்
கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு
எண்ணுவேன்.
வெள்ளிக்கிழமை: கோல்ட்டனுக்கு
இருநூற்றுப் பதினொரு டாலர்.
மெர்லுக்கு நான்கு டாலர், ஒரு சட்டைப் பொத்தான்.
"குடிச்சே கெடுத்துக்கிட்டான்" என்கிறார்கள்,
அவரோடு சேர்ந்து குடித்தவர்களும்.
கோதுமைக் குதிர்களில் முப்பது வருடம்
அவர் இழுத்த தூசியைப் பற்றி
ஜாடியில் எழுத இடமில்லை.

ஒருநாள் கோல்ட்டனின் அம்மா வந்தாள், டார்லா.
பால், ரொட்டி.
ஒரு லாட்டரிச் சீட்டைத் தொட்டுவிட்டுக்
கையை இழுத்துக்கொண்டாள்.
பின்னால் நின்றவன் வாயே திறக்கவில்லை,
அவள் காலிலிருந்த புதுச் செருப்பைப் பார்த்தான்,
அவ்வளவுதான்.
"தங்கச்சி குடுத்தது" என்றாள்,
கல்லாவைப் பார்த்து.

ஸ்கார்பரோவில் அண்ணனுக்கு
இடுப்பெலும்பு தேய்ந்து பதினோரு மாதம்.
இன்னும் முறை வரவில்லை.
ஃபோனில் அவன் திட்டுவதை
எழுத முடியாது.
"சம்பளத்துல பிடுங்குறான், காக்க வைக்கிறான்,
டாக்டர் என் மூஞ்சியக்கூட நிமிர்ந்து பாக்கல."
கொஞ்சம் நிறுத்தி,
"ஆனா என் படத்தை யாரும் கேக்கல" என்றான்.
ஜாடிகளைப் பற்றி நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு மூன்று மணி.
கேமரா சிகரெட் அலமாரியை மட்டும்தான் பார்க்கும்.
கோல்ட்டனின் ஜாடியிலிருந்து
அறுபது டாலரை எடுத்து
மெர்லின் ஜாடிக்குள் போட்டேன்.
கை நடுங்கவில்லை.
பிறகு அதை நினைத்துத்தான் பயந்தேன்.

ஏன் அறுபது? ஏன் நாற்பது இல்லை?
போட்டவர்கள் கோல்ட்டனுக்குப் போட்டார்கள்.
அவர்களுடைய இரக்கத்தில் ஒரு பங்கை
அவர்களைக் கேட்காமல் இடம் மாற்றினேன்.
இதற்குத் திருட்டு என்று பெயர்.
அண்ணன் இருக்கும் பக்கத்தில்
கிட்டத்தட்ட இதற்கே வரி என்று பெயர்.
ஆனால் அங்கே சொல்லிவிட்டு எடுக்கிறார்கள்.
எடுப்பவனைப் பிடிக்கவில்லையென்றால்
ஓட்டுப் போட்டு இறக்கலாம்.
மூன்று மணிக்கு என்னை யார் இறக்குவது?

விடிந்ததும் மெர்ல் காபிக்கு வந்தார்.
தன் ஜாடியை வெகுநேரம் பார்த்தார்.
"யாரோ ஒரு நல்லவன்" என்றார்.
மீதி முப்பத்தைந்து சென்ட்டை
வழக்கம்போல
கோல்ட்டனின் ஜாடியில் போட்டுவிட்டுப் போனார்.

கிராம்பு காரம் போய்ச் சக்கையாகியிருந்தது.
புதிதாக ஒன்றை எடுத்தேன்.
பல்வலிக்கு யாரும் ஜாடி வைத்துப் பார்த்ததில்லை.
வைத்தால்
எந்தப் படத்தை ஒட்டுவது என்று யோசித்தேன்.
சிரிக்கிற படம்தான் வேண்டும்.
வாயைத் திறக்காமல்.